அப்பா துணைக்கு வந்த சர்வர்கள்

1

நம் ஊர் ஆலயத்தின் சபை மலரைத் தயாரிக்கிற தம்பி ஊரிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, வெளிநாட்டு வாழ்க்கையப் பத்தி நாலு பக்கம் எழுதித் தாங்க. பாலைவனம், ஒட்டகம், பேரீச்சம்பழம் எல்லாம் வரட்டு" என்றான். மஸ்கட்டுக்கு வந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. ஒட்டகத்தைக் காரில் போகும்போது சாலையோரம் பார்த்ததோடு சரி. பேரீச்சம்பழம் மார்த்தாண்டம் சந்தையிலேயே கிடைக்கிறது. அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். சர்வர் போடுவதைப் பற்றி.

சர்வர் என்றதும் தோசை கொண்டுவருகிறவரை நினைத்துவிடாதீர்கள். ஒரு கடையிலோ ஆஸ்பத்திரியிலோ இருக்கிற எல்லாக் கணினிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, கணக்கையும் கோப்புகளையும் காத்துக் கொடுக்கிற பெரிய கணினிக்குத்தான் அந்தப் பெயர். அதற்கு உயிர் கொடுக்கிற மென்பொருளை ஏற்றுவதுதான் அன்றும் இன்றும் எனக்குச் சோறு போடுகிற வேலை.

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஓமானிப் பெண் ஒரு சர்வர் போட்டாள். திரையில் நாலு கட்டங்களை நிரப்பினாள், ஒரு பொத்தானை அழுத்தினாள், டீ ஆறுவதற்குள் சர்வர் தயார். அந்த இயந்திரம் எந்த நாட்டில் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் டிஸ்க் டிஸ்காகப் போட்டு ஏற்றினோம் என்று சொன்னேன். ஒரு டிஸ்க் முடிந்து அடுத்ததைப் போடும்வரை காத்துக்கொண்டே இருக்க வேண்டும், என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்றேன்.

"உங்கள் அப்பாவும் இன்ஜினியரா?" என்று கேட்டாள்.

"இல்லை, போஸ்ட்மேன்."

அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்கும் அன்று புரியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறீர்கள், ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2

படிப்பு முடிந்ததும் 2005-இல் மார்த்தாண்டத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பெண் நான் ஒருத்திதான். ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, கல்லூரி என்று கேட்கிற இடத்துக்கெல்லாம் சர்வர் போட்டுக்கொடுப்பது கம்பெனியின் தொழில். வேலை நாளில் யாரும் கணினியை நிறுத்தித் தரமாட்டார்கள். கடை அடைத்திருக்கிற நாளில்தான் போட வேண்டும். நம் பக்கத்தில் கடை அடைக்கிற நாள் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் அப்பா ஞானமுத்து அப்போது சபைச் செயலர். ஓய்வுநாள் விஷயத்தில் அவரைப் போலக் கறாரான ஆள் நம் சபையில் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கமாட்டார். சனிக்கிழமையே குழம்பு வைத்தாக வேண்டும். தபால் இலாகாவில் சேர்ந்ததற்கே ஞாயிறு விடுமுறைதான் காரணம் என்று பெருமையாகச் சொல்லுவார். அப்படிப்பட்டவரின் மகள் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்று வந்து நின்றால் வீடு எப்படி இருந்திருக்கும்.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள். "வேண்டாம், விட்டுரு."

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அப்பா பார்த்திருந்தார். சாப்பிடும்போதுகூட நான் அதையே பேசிக்கொண்டிருப்பேன். ஆனால் அடைத்துக் கிடக்கிற கட்டிடத்துக்குள் ஆண்கள் மட்டும் இருக்கிற இடத்துக்குக் கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்பவும் அவருக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வாயைத் திறந்தார்.

"நானும் வாறேன். பிள்ள உள்ள சோலியப் பாக்கட்டு. நான் ஒரு ஓரமா இருக்கேன்."

அப்படித்தான் தொடங்கியது.

3

முதல் ஞாயிறு எங்களைப் பார்த்தவர்கள் என்ன பார்த்தீர்கள் என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் வரிசையாகச் சொல்லுகிறேன்.

அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தார். ஞாயிறு என்றால் அவருக்கு வேறு உடுப்பு கிடையாது. பஸ்ஸில் ஏறவில்லை. ஏறினால் டிக்கெட் வாங்க வேண்டும், அது கொடுக்கல் வாங்கல் என்றார். ஆகவே ஆலயமணி அடிக்கிற நேரத்தில் ஊர் நடுவே மார்த்தாண்டத்தை நோக்கி நடந்தோம். டிஸ்க்குகளை வைக்கிற கறுப்பு ஜிப் உறையை அப்பா நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். வேதப்புத்தகத்துக்குப் போடுகிற உறைதான் அது என்று யாராவது சத்தியம் செய்தால் நானே நம்பியிருப்பேன். நானோ காதில் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் போனேன். சர்வரைத் திறந்து உள்ளே கை வைக்கும்போது உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்பது கம்பெனியில் சட்டம். அங்கே போய்க் கழற்றி வைத்தால் தொலைந்துவிடும் என்று அம்மா வீட்டிலேயே கழற்றி வாங்கிக்கொண்டாள்.

வெள்ளை உடுப்பு, கறுப்பு உறை, நகை இல்லாத பெண், ஞாயிற்றுக்கிழமை காலை, நம் ஆலயத்துக்கு எதிர்த் திசை. நம் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான்.

4

ஊரில் என்ன பேசினீர்கள் என்று எங்களுக்கு வெகு நாள் தெரியாது. நாங்கள் ஜவுளிக்கடை மாடியில் ஒரு சின்ன அறைக்குள் இருந்தோம்.

சர்வர் போடுவதில் கஷ்டமே தொடக்கம்தான். நினைவகம் போதுமா, இடம் போதுமா, இந்த இயந்திரத்தை இந்த மென்பொருள் ஏற்றுக்கொள்ளுமா என்று முதலில் எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு முதல் டிஸ்க்கைப் போட்டு இயந்திரத்தை எழுப்ப வேண்டும். எழுந்ததும் அது பக்கம் பக்கமாக ஒரு ஒப்பந்தத்தைக் காட்டி, சம்மதமா என்று கேட்கும். உலகத்தில் எல்லாரும் படிக்காமலே சம்மதம் என்று அழுத்திவிடுவார்கள். நானும் அழுத்தப் போனேன்.

"நில்லு மக்களே. இதுல என்னத்த எழுதியிருக்கு?"

"எல்லாத்துலயும் இருக்கதுதான்ப்பா. சம்மதம்னு அமுக்கணும்."

"வாசிக்காம சம்மதம்னு சொன்னா அது பொய்யில்லியா? அதும் இன்னைக்கி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். புரியாத இடத்தில் என்னிடம் அர்த்தம் கேட்டார், எனக்கும் புரியவில்லை. கடைசியில், "தோசமில்ல, குடு" என்றார். இந்த மென்பொருளைச் செய்த ஆட்களுக்குத் தெரிந்தால் கண் கலங்கியிருப்பார்கள்.

அதற்கப்புறம் கோப்புகள் உட்காருகிற வட்டைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும், சர்வருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், நிர்வாகிக்குக் கடவுச்சொல் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து கோப்புகள் ஏறத் தொடங்கினால் நமக்கு வேலை இல்லை. ஒரு கோடு திரையில் மெதுவாக நகரும். ஒரு டிஸ்க் முடிந்ததும் தட்டு தானாக வெளியே வந்து நிற்கும். அடுத்ததைப் போட வேண்டும். அந்த நேரத்தில் ஆள் இல்லையென்றால் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

அந்தக் காத்திருப்பை அப்பா ஆராதனை ஆக்கிக்கொண்டார். ஊரில் என்ன பாட்டுப் பாடுகிற நேரமோ அதை இங்கே தாழ்ந்த குரலில் பாடுவார். வேதபாடம் வாசிப்பார். தட்டு வெளியே வந்ததும் நிறுத்திவிட்டு, அடுத்த டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் காணிக்கைப் பை நீட்டுவது போல நீட்டுவார். முதல் தடவை அவர் விரலில் இருந்த தேங்காயெண்ணெய் டிஸ்க்கில் ஒட்டி, இயந்திரம் அதை வாசிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துத் திரும்பப் போட்டேன். அடுத்த ஞாயிறு முதல் அவர் தலைக்கு எண்ணெய் வைக்காமலே வந்தார். எண்ணெய் இல்லாத தலையோடு அப்பாவை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் முந்தின நாள் மீன்குழம்பும். சாயங்காலம் வேலை முடிந்து சர்வர் முதல் தடவையாகத் தன் பெயரைத் திரையில் காட்டும்போது, நான் அப்பாவைத்தான் பார்ப்பேன். நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி "கொள்ளாம்" என்பார். எனக்கு அது போதும்.

5

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போதகரும் ஏசுவடியான் மாமாவும் வீட்டுக்கு வந்தார்கள். ஏசுவடியான் மாமா அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, அப்போது சபைக் கமிட்டி உறுப்பினர். அம்மா டீ வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்த நேரம் முதல் மாமாவின் கண் மேசை மேல் இருந்த கறுப்பு உறையை விட்டு நகரவில்லை.

"அத்தான், நேராட்டு கேக்கேன்," என்றார் மாமா. "எந்தப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போறீரு?"

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆரு, நானா?"

"அவங்கள மாதிரி வெள்ள உடுத்துட்டுப் போறீரு. பிள்ளைக்க நகையெல்லாம் களத்தியாச்சு. தலைக்கி எண்ண கூட வைக்கியதில்ல. ஊரே பேசுது. எனக்க அக்காவ நெனச்சுப் பாத்தீரா?"

போதகர் நல்ல மனிதர், இளவயது. அவருக்கும் சங்கடம். பேச்சை இலேசாக்குவதற்காக உறையை எடுத்து ஜிப்பைத் திறந்தார். உள்ளே டிஸ்க்குகள் பளபளத்தன.

"ஓ, பாட்டு சிடியா?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இல்ல ஐயா. சர்வர் போடுத சிடி. எனக்க வேலை. ஞாயிற்றுக்கிழமதான் போட முடியும். அப்பா எனக்குத் துணைக்கு வாறாங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமாதான் முதலில் பேசினார். அவர் குரலில் முன்னைவிடக் கோபம் இருந்தது.

"அப்ப ஓய்வுநாள்ல சோலிக்கிப் போறீரு. இதுக்குப் பெந்தெகொஸ்தேக்குப் போயிருந்தா ஜெபத்துக்காவது போனாருன்னு சொல்லலாம். செயலரே இப்பிடின்னா மத்தவன ஆரு கேக்க?"

அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா என் பக்கம் திரும்பாமலே முடிவும் சொன்னார். "பிள்ளைய வேலைய விடச் சொல்லும். இல்லன்னா சபை என்ன செய்யணுமோ அதச் செய்யும்."

விட்டுவிடு என்று அப்பா சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். எதிர்த்துப் பேசுகிற பெண்ணாக நான் அப்போது இல்லை. என் வாழ்க்கை அந்த நிமிடம் அவர் வாயில் இருந்தது.

அப்பா எழுந்து உள்ளே போய் ஆலயத்தின் சாவிக்கொத்தை எடுத்து வந்து போதகர் கையில் கொடுத்தார். அவருக்கு அதைவிடப் பெரிய பொருள் வீட்டில் ஒன்றும் இருந்ததில்லை.

"ஐயா, செயலர் வேலைக்கி ஆளு கெடைக்கும். பிள்ளைக்குத் துணைக்குப் போவ என்னவிட்டா ஆளு இல்ல."

போதகர் வாங்கத் தயங்கினார். அப்பா அவர் கையை மூடிவிட்டார். மாமா டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். மறுநாள் காலை நாங்கள் வழக்கம்போல மார்த்தாண்டத்துக்கு நடந்தோம். அன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. முதல் டிஸ்க் ஏறத் தொடங்கியதும் அவர் பாட ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே மீதியைப் பாடி முடித்தேன்.

அதற்குப் பிறகு சாயங்கால ஜெபத்துக்கு வந்து அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். ஆலய அசன விருந்துக்கு எப்போதும்போலப் பூசணிக்காய் வெட்டினார். உங்களில் பலர் பழையபடி பேசினீர்கள், அதை அவர் மறக்கவில்லை. ஏசுவடியான் மாமா பேசவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனார். அப்பா நின்ற பக்கம் வரவே இல்லை. அப்பா கடைசிவரை அவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை கொடுப்பார் என்று நினைத்தாராம்.

6

மஸ்கட்டில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆராதனை வெள்ளிக்கிழமைதான். ஞாயிறு எல்லாருக்கும் வேலை நாள், பள்ளிக்கூட நாள். நாலாம் வகுப்பு படிக்கிற என் மகனுக்கு இதில் ஒரு விசித்திரமும் தெரியாது. "அம்மா, ஃப்ரைடே சண்டே ஸ்கூல் இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லுவான். அவன் தமிழ் பாதி ஆங்கிலம், பாதி பக்கத்து வீட்டு மலையாளம், சண்டை போட மட்டும் அரபு. தமிழ் வாசிக்க உட்காரச் சொன்னால் வயிறு வலிக்கும். நான் திட்டினால் என் வீட்டுக்காரர், "நீ பேசுத தமிழையே மதுரைக்காரங்க மலையாளம்னு சொல்லுதாங்க" என்பார். உண்மைதான். இங்கே வந்த புதிதில் ஒரு வட மாவட்டத் தமிழ்ப் பெண்ணிடம், மெதுவாகப் போகச் சொல்லி, "பைய போங்க" என்றேன். எந்தப் பை என்று தேடினாள்.

இந்தக் குளிர்காலத்தில் அப்பாவைக் கூட்டிவந்தோம். அம்மாவுக்கு விமானம் பயம், வரவில்லை. விசாவுக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்து கொடுக்கிற கடையில் பெரிய இழுபறி. பாஸ்போர்ட்டில் ஞானமுத்து என்று ஒற்றைப் பெயர். குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டார் கடைக்காரர். இல்லை என்றேன். அப்படி ஒரு மனிதர் இருக்க முடியாது என்றார். அவர்கள் ஊரில் அப்பா பெயர், தாத்தா பெயர், குலத்தின் பெயர் எல்லாம் சேர்ந்தால்தான் ஒருவருடைய பெயர். "எந்தக் குலம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் அப்பாவின் பெயரையே இரண்டு தடவை எழுதி முடித்தார்.

அப்பா வந்ததும் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நம்ம சபைக்க பேர எழுதியிருக்கலாம்லா" என்றார். சாவியைக் கொடுத்து இத்தனை வருடம் ஆகியும் அவர் அங்கேயேதான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை எங்களோடு ஆராதனைக்கு வந்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் அவசர அவசரமாக வேலைக்குப் புறப்படும்போது, வெள்ளை உடுத்து வேதப்புத்தகத்தோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். வாசலில் கம்பெனி பஸ்களில் நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஏறிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். "பாவம், எல்லாரும் போவுதுவ. ஆரு கூடயும் ஆரும் இல்ல" என்றார்.

7

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஊரிலிருந்து ஒரு அழைப்பு.

"மக்களே, நான் ஏசுவடியான் மாமாவாக்கும்."

எனக்கு அவர் போன் செய்வது அதுவே முதல் தடவை. அவருடைய மகள் பிரின்சி இங்கே ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து இறங்கியிருக்கிறாள். விடுதியில் யாரையும் தெரியாது, பாஷை தெரியாது, வந்ததிலிருந்து போனில் அழுதுகொண்டே இருக்கிறாளாம். முதல் டியூட்டி மறுநாள் காலை.

"நாளைக்கி ஞாயிற்றுக்கிழமையாக்கும்" என்றார் மாமா. சொல்லிவிட்டு நிறுத்தினார். போனில் கோழி கூவுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அத்தான் அங்க இருக்காருன்னு அக்கா சொன்னா. நீ சோலிக்கிப் போவணும், தெரியும். அவரு கொஞ்சம் பிள்ள கூடப் போவாரான்னு... நான் எப்பிடிக் கேக்க? நீ கேளு மக்களே."

எனக்கு ஒரு நிமிடம் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. கேட்கமாட்டேன், நீங்களே கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எதிரே அப்பா நின்றுகொண்டிருந்தார். குரலைத் தெரிந்துகொண்டுவிட்டார். கையை நீட்டினார், போனைக் கொடுத்தேன்.

மாமா அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா வெகு நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பழைய பேச்சு ஒன்றும் எடுக்கவில்லை. கடைசியில், "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

காலையில் பிரின்சியை விடுதியிலிருந்து ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். அவள் என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஊழியர்கள் மட்டும்தான் போகலாம் என்று காவலாளி தடுத்தார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "போ மக்களே, நான் இங்கதான் இருப்பேன்" என்றார் அப்பா. அவள் போனாள்.

எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன், சாயங்காலம் கூட்டிக்கொள்ளலாம் என்றேன். கேட்கவில்லை. நிழல் பார்த்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த போனை எடுத்தார். வெளிநாட்டுப் போன் என்றால் கத்தித்தான் பேச வேண்டும் என்பது நம் எல்லாருக்கும் உள்ள எண்ணம். நான் காரைத் திருப்பும்போது தெளிவாகக் கேட்டது.

"லேய் ஏசுவடியா, பிள்ள உள்ள போயிட்டா. நான் வெளிய இருக்கேன்."